ஒன்பதாம் மாதத்துச் சிவப்புக் குண்டூசி

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே உள்ள டீக்கடைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரைவர்கள் சிலர் வருவார்கள். வண்டியில் போனைக் கண்ணாடிக்கு முன்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தப்பாகத் திரும்பினாலும் அவளுக்குக் கோபம் வருவதில்லை. நான் ஆஸ்பத்திரி வேன் ஓட்டிய காலத்தில் அந்த இடத்தில் எஸ்தர் டாக்டர் உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் தமிழ்ச் சங்கத்து இளைஞர்களிடம் சொல்லப்போய், "அங்கிள், அப்படியே எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போட்டுரலாம்" என்று என்னை மாட்டிவிட்டார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அது ஒரு கவலை.

கவலை எனக்குப் புதிது இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு நாலு எட்டு போன பிறகு திரும்பி வந்து ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வந்ததில் எங்காவது கை பட்டு அது தளர்ந்திருக்குமோ என்று மறுபடியும் வருவேன். என் கல்யாணத்தன்று சர்ச்சுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கதவே திறந்திருக்கவில்லை.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து சித்தப்பாவுடன் தாராவிக்கு வந்தேன். லாரியில் கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்று லைசென்ஸ் எடுத்தேன். மலைப்பாதை இறக்கத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்தார்ஜி முதலாளி, இவன் ஓட்டினால் எனக்கு நெஞ்சுவலி வந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

மாட்டுங்காவில் அப்போது எங்கள் பக்கத்து டாக்டரம்மா ஒருவர் சின்னதாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார். பாளையங்கோட்டைக்காரர். ஆஸ்பத்திரி வேனுக்கு டிரைவர் தேவை என்று சபையில் சொன்னார்கள். மூன்று பேர் போயிருந்தோம். டாக்டர் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வழி தெரியலன்னா என்ன செய்வ?" மற்ற இரண்டு பேரும் யாரிடமாவது கேட்போம் என்றார்கள். நான், "முந்தின நாளே போயி பாத்துட்டு வந்துருவேம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வேலை கிடைத்தது.

எஸ்தர் டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமானவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சாதாரணமாக இருக்கும்போது எல்லோரையும் நீ என்பார். கோபம் வந்தால் நீங்க. மிகவும் கோபம் வந்தால் பெயருக்குப் பின்னால் அவர்களே சேர்த்துக்கொள்வார். அவர் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் ஆஸ்பத்திரியில் ஆயா முதல் கம்பவுண்டர் வரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வோம்.

டெலிபோனுக்குப் பக்கத்துச் சுவரில் துணி ஒட்டிய பெரிய பம்பாய் மேப்பு ஒன்றை மாட்டியிருந்தார். கோட்டைப் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கியது. முதல் நாள் அதற்கு முன்னால் என்னை நிறுத்தி, உன் வீடு எங்கே என்று காட்டச் சொன்னார். தாராவியைத் தேடினேன். இரண்டு ரோடு இருந்தது. அதற்கு நடுவில் வெள்ளையாக விட்டு, ஓரத்தில் கோரைப்புல் மாதிரிக் கோடு கிழித்திருந்தான். சதுப்பு நிலமாம். அந்த வெள்ளைக்குள்தான் நான், சித்தப்பா குடும்பம், எங்கள் சபை, தோல் பதனிடும் கொட்டகைகள், சண்டை வந்தால் கூடும் ஆயிரம் பேர் எல்லோரும் இருந்தோம். "எங்க வீடு இதுல இல்லம்மா" என்றேன். "அப்ப நீயே வரஞ்சுக்கோ" என்று ஒரு பென்சிலைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியின் முறை இதுதான். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பெயர் கொடுத்துவிட்டுப் போனால், அவள் வீட்டுக்கு நான் ஒரு தடவை பகலில் போக வேண்டும். வேன் எதுவரை வரும், அதற்கப்புறம் ஸ்டிரெச்சர் திரும்புமா, மாடிப்படி எப்படி, தண்ணீர் நிற்கும் இடமா, பக்கத்தில் யார் கடையில் டெலிபோன் என்று பார்த்து வந்து மேப்பில் ஒரு குண்டூசி குத்த வேண்டும். ஏழு மாதம்வரை வெறும் ஊசி. ஏழுக்கு மேல், சிஸ்டர் பாக்கியம் ஊசித் தலையை நீல மருந்தில் தோய்த்துக் கொடுப்பார். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் சிவப்பு. அதற்கு நகப்பாலிஷ். வெள்ளை உடுப்பும் வேதப்புத்தகமுமாக இருந்த சிஸ்டரிடம் நகப்பாலிஷ் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊசியைத் தொட எனக்கு மட்டும்தான் உரிமை. அதுவும், "பொம்பள அந்த வீட்டுல இருக்கத கண்ணால பாத்துட்டுத்தான் ஊசிய நட்டணும்" என்பது டாக்டரின் சட்டம்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய ஊசியைப் பிடுங்கி எறிய மனம் வராது. டிக்கெட் கிடைக்காமல் தாதர் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் அவற்றையெல்லாம் அரபிக் கடலில் குத்தி வைப்போம். சில மாதங்களில் மேப்பில் ஊரைவிடக் கடலில்தான் கூட்டம் அதிகமாக இருக்கும்.

போர்க்காலத்தில் இதனால் ஒரு தொல்லை வந்தது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வந்த போலீஸ் ஹவில்தார் ஒருவர் எங்கள் மேப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஊசி, டிராம்பே எண்ணெய் டாங்கிகளுக்குப் பக்கத்தில் ஊசி, ரயில் பாதை நெடுக ஊசி. இந்த வேலையைச் செய்தவன் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு இந்தி நன்றாகவே வரும், ஆனால் பயம் வந்தால் ஒவ்வொரு சொல்லாகப் போய்விடும். சிவப்பு ஊசி என்ன என்றார். ஒன்பதாம் மாதம் என்றேன். ஒன்பதாம் மாதத்தில் என்ன நடக்கும் என்றார். எந்த நிமிஷமும் நடக்கலாம் என்றேன். எங்கே நடக்கும் என்றார். அது வண்டி எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைப் பொறுத்தது என்றேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கடலில் இருக்கும் இந்த ஊசிகள் என்ன என்று கேட்டார். அதெல்லாம் திருநெல்வேலிக்குப் போனவர்கள் என்றேன். அவர் டெலிபோனில் கை வைத்துவிட்டார். நல்லவேளையாக அப்போது பிரசவ அறையிலிருந்து ஒரு பெண் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த தடி விழுந்தது. டாக்டர் வெளியே வந்து கையைத் துடைத்தபடி, "ஒரு சிவப்பு வெளிய வந்துட்டு, பாக்கீங்களா?" என்றார். தமிழ் தெரியாத அந்த ஹவில்தார் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

தாராவியில் இதைவிட மோசம். வரைந்துகொள்ள ஒரு காகிதத்தை விரித்த உடனே, கார்ப்பரேஷனிலிருந்து குடிசை இடிக்க அளவெடுக்க வந்திருக்கிறான் என்று சந்து முழுக்கச் செய்தி போய்விடும். நானும் அதே தாராவிக்காரன்தான், ஆனாலும் பக்கத்துச் சந்தில் என்னை யாருக்குத் தெரியும்? பிள்ளைத்தாய்ச்சி வீடு எது என்று கேட்டால் இங்கே அப்படி யாருமில்லை என்பார்கள். சொல்கிறவளுக்கே எட்டு மாதம் இருக்கும். நான் ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்த பிறகு நிலைமை தலைகீழ் ஆனது. எங்கள் வீட்டையும் போட்டுக்கொள், எங்கள் குழாயையும் போட்டுக்கொள் என்று பின்னாலேயே வருவார்கள். மேப்பில் ஏறிவிட்டால் இடிக்க முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளை இடத்தை நான் பென்சிலால் நிரப்பியது பாதி ஆஸ்பத்திரிக்காக, பாதி அவர்களுக்குப் பயந்து. போகப்போக அதில் எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டது. சின்னதாக ஒரு மேப்பு எனக்கென்று வாங்கி, லீவு நாளில் போகாத ரோடுகளை விரலால் ஓட்டிப் பார்ப்பேன். விரலில் ஓட்டும்போதும் ரயில்வே கேட் வந்தால் கொஞ்சம் நிறுத்துவேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான்.

இனி சொர்ணத்தின் விஷயம். நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிரசவத்துக்கு ஓடியிருக்கிறேன். இன்றுவரை மறக்காமல் இருப்பது இந்த ஒன்றுதான்.

சொர்ணத்துக்குப் புகுந்த வீடு வடாலா. புருஷன் முருகேசன் ஒரு பட்டறையில் பிட்டர். அதிகம் பேசாத மனிதன். அம்மா சொன்னாலும் சரி, மாமியார் சொன்னாலும் சரி, தலையை ஆட்டுவான். பிறந்த வீடு மான்குர்த். இரண்டு வீடும் பம்பாயிலேயே இருந்ததுதான் வினை. ஊரில் இருந்தால் ஒரு தடவை ரயில் ஏற்றிவிட்டு எல்லோரும் ஓய்ந்திருப்பார்கள். சொர்ணத்துக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் என்றால் அது பெண் வீட்டுக்காரர்களின் பாத்தியதை. அதே நேரம் வடாலாவிலிருந்து மாட்டுங்கா கூப்பிடு தூரம், மான்குர்த்தோ பம்பாய் முடிகிற இடம். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. வயிற்றில் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது. வலி கண்ட உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் ஒருவரும் கை வைக்கக் கூடாது, தாமதமானால் பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து என்று டாக்டர் இரண்டு அம்மாக்களையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதனால்தான் என் வீட்டில் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

முதலில் ஊசி வடாலாவில் இருந்தது. வளைகாப்பு முடிந்து அம்மா பேச்சியம்மாள் மகளை மான்குர்த்துக்குக் கூட்டிப்போனார். நானும் போய் உப்பளத்து வரப்பைத் தாண்டி அந்த வீட்டைப் பார்த்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு சொர்ணம் உட்கார்ந்திருந்ததையும் பார்த்து, ஊசியை மாற்றினேன். கொஞ்ச நாளில், அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாமியார் வேலம்மாள் வந்து அழைத்துப்போனார். ஊசி வடாலாவுக்கு வந்தது. மகள் இளைத்துவிட்டாள் என்று பேச்சியம்மாள் போய் மறுபடியும் கூட்டி வந்தார். ஊசி மான்குர்த்துக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சொர்ணம் ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். ஊசி குத்திக் குத்தி வடாலாவில் துளை பெரிதாகி ஊசி நிற்காமல் விழ ஆரம்பித்தது. சிஸ்டர் அந்த இடத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டினார்.

மழைக்காலம். ஒரு மத்தியானம் டெலிபோன் அடித்தது. மான்குர்த் ரேஷன் கடையிலிருந்து ஒரு ஆள், மதராஸிப் பெண்ணுக்கு வலி, டாக்டரை உடனே வரச்சொல் என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஊசியைப் பார்த்தேன். மான்குர்த். முந்தின நாள் காலையில்தான் அங்கே பார்த்துவிட்டு வந்திருந்தேன். உட்கார்ந்த பிள்ளை என்பதால் டாக்டரே பையை எடுத்துக்கொண்டு ஏறினார். பின்னால் சிஸ்டர். வயர்லெஸ் எல்லாம் கிடையாது. வேன் கிளம்பிவிட்டால் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியாது.

கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். அதை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சுற்றிப் போனேன். சயானில் நெரிசல். செம்பூர் தாண்டி ரயில்வே கேட்டில் எண்ணெய் டாங்கி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று எங்களுக்காகவே பிறந்ததுபோல மெதுவாகப் போனது. டாக்டர் ஏலக்காய் மாற்றிக்கொண்டார். "தங்கராசு, நீ ஸ்டியரிங்க இப்படிப் பிடிச்சா அதுக்கு வலிக்கும்லா?" என்றார். அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன்.

மான்குர்த்தில் வேன் நிற்கும் இடத்திலேயே பேச்சியம்மாள் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். புதுச் சேலை. காலடியில் பிரசவ மருந்துக்கான சாமான் மூட்டை, பெரிய அலுமினியப் பானை, கூடைக்குள் ஒரு கோழி. மகள் பிள்ளை பெற்ற பிறகு சூப் வைக்க.

"பேச்சியம்மா, சொர்ணம் எங்க?" என்றார் டாக்டர்.

"அவ வடாலாவுல்லா இருக்கா."

டாக்டர் வேனிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"நேத்து சாயந்தரமே அவ மாமியாக்காரி வந்து கூட்டிட்டுப் போயிட்டா டாக்டரம்மா. இன்னைக்குக் காலைல இடுப்புவலி எடுத்துட்டுன்னு மருமவன் ஆள் விட்டாரு. நா ஒடனே ஒங்களுக்குப் போன் போடச் சொன்னேன்."

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "வலி வடாலாவுலன்னா, எங்கள எதுக்குங்க இங்க கூப்பிட்டீங்க?"

'நீங்க' வந்துவிட்டது. சிஸ்டர் பாக்கியம் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

"வடாலாவுக்குப் போற வண்டிதான, போற வழியில என்னையும் ஏத்திக்கிடுவியன்னு நெனச்சேன்" என்றார் பேச்சியம்மாள், கூடையை உள்ளே வைத்துக்கொண்டே. "தலப்பிரசவம், பெத்தவ பக்கத்துல இருக்காண்டாமா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்புறம் யோசித்தபோதுதான் விளங்கியது. அவருக்குத் தெரிந்த பம்பாய் ஹார்பர் லைன் ரயில்தான். ரயில் மான்குர்த்தில் புறப்படும், செம்பூர், குர்லா, அப்புறம் வடாலா. வடாலா எப்போதுமே மான்குர்த்துக்குப் பிறகுதான் வரும். அப்படியிருக்கும்போது மான்குர்த் வராமல் ஒரு வண்டி எப்படி வடாலா போக முடியும்? நான் என் சின்ன மேப்பை ஸ்டியரிங் மேல் விரித்து, இது மாட்டுங்கா, இதோ பக்கத்தில் வடாலா, நாம் இருப்பது இவ்வளவு தூரத்தில் என்று விரலை இழுத்துக் காட்டினேன். அவர் நன்றாகக் குனிந்து பார்த்தார். "இது எங்க ஊரு மாதிரி இல்லியே தம்பி" என்றார்.

"ஏறுங்க" என்றார் டாக்டர்.

மேப்பை மடிக்கும்போது அந்தப் புள்ளிக் கோடு கண்ணில் பட்டது. செம்பூருக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் நேராக வடாலாவுக்கு ஒரு புள்ளிக் கோடு போகும். லீவு நாட்களில் என் விரல் எத்தனையோ தடவை அதில் ஓடியிருக்கிறது. சயான் சுற்றைப் பார்க்க அது பாதிகூட இல்லை. நேரில் மட்டும் போனதில்லை. அந்த ஒன்றைத்தான் நான் முந்தின நாள் போய்ப் பார்க்காமல் விட்டிருந்தேன். என் மனம் படும் பாட்டை டாக்டர் எப்படியோ கண்டுகொண்டார்.

"என்ன யோசிக்க?"

"ஒரு குறுக்கு வழி இருக்க மாதிரி இருக்கும்மா."

"இருக்க மாதிரின்னா?"

"புள்ளி வச்சிருக்கான்மா."

"புள்ளி மேல வண்டி ஓடுமா?"

"தெரியாதும்மா. ஒருவேளை இனிமேதான் போடுவாங்களோ என்னமோ."

"இந்தப் பிரசவத்துக்குள்ள போட்டுருவாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"அப்ப கோடு உள்ள வழியா போ."

பின்னாலிருந்து பேச்சியம்மாள், அந்தப் பக்கம் ஆட்கள் நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன், இடுப்பளவு சேறுதான் என்று தைரியம் சொன்னார். நான் கோடு உள்ள வழியாகவே போனேன். போகும்போதெல்லாம், அந்தப் புள்ளியில் போயிருந்தால் இந்நேரம் சேர்ந்திருப்போமோ என்று ஒரு கவலை. போயிருந்தால் இந்நேரம் சேற்றில் நின்றிருப்போமே என்று இன்னொன்று. ரயில்வே கேட்டுக்கு வந்தோம். திறந்திருந்தது. இதற்கு மேல் என்ன கெடுதல் காத்திருக்கிறதோ, கேட்டைத் திறந்து விட்டிருக்கிறார்களே என்று வேறு தோன்றியது. கோழி கூடையை விட்டு வெளியே வந்து டாக்டரின் பைமேல் உட்கார்ந்துகொண்டது. அவர் அதை ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் பேச்சியம்மாளிடம் வலி எப்போது ஆரம்பித்தது, பனிக்குடம் உடைந்ததா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் அதே மெதுவான குரல்தான். ஆனால் சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அவருக்கும் பயம் வரும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அதைப் பார்த்த பிறகு என் பயம் எனக்கே துணிச்சல் மாதிரி ஆகிவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் தண்ணீருக்குள்ளேயே வண்டியை விட்டேன்.

வடாலா கட்டிடத்தில் முதல் மாடிக்கு ஏறி ஓடினேன். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "எங்க போனிய? ஒங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, வண்டி புறப்பட்டுப் போச்சுன்னாவ. காத்திருந்து காத்திருந்து பாத்துட்டு, வேலம்மா அத்த டாக்சி பிடிச்சி அவள அங்கயே கூட்டிட்டுப் போயிட்டாவ" என்றாள்.

அதாவது, நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டாக்டரும் சிஸ்டரும் டிரைவரும் ஒரு கோழியும் வடாலாவில் இருக்கிறோம். கீழே வந்து சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"தங்கராசு அவர்களே," என்றார், "நம்ம ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு ஒங்களுக்கு மேப்பு பாக்காமத் தெரியும்லா?"

தெரிந்தது. வேன் சரியாக நிற்பதற்குள் அவர் இறங்கி உள்ளே போய்விட்டார். நாற்பது வருஷ வேலையில் ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று நான் திரும்பிப் பார்க்காத ஒரே தடவை அதுதான்.

சொர்ணம் மேசைமேல் இருந்தாள். கூட ஆயா மட்டும். வராந்தாவில் வேலம்மாள், தலைமுடி அவிழ்ந்து, ஒரு கால் செருப்போடு நின்றார். சம்பந்தியைப் பார்த்ததும், வண்டியை மறித்து வைத்துக்கொண்டது நீதானே என்று இவரும், முந்தின நாள் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று அவரும் தொடங்கினார்கள். அப்போது உள்ளேயிருந்து சொர்ணம் கத்தினாள். அந்த மாதிரிச் சத்தம் ஆஸ்பத்திரியில் தினமும் கேட்பதுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சொர்ணத்தின் சத்தமும் இல்லை, பிள்ளையின் சத்தமும் இல்லை. டாக்டர் மட்டும் சிஸ்டரிடம் ஏதோ இரண்டு சொல் சொன்னார். இரண்டு அம்மாக்களும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாளின் கையை வேலம்மாள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. நான் மேப்புப் பக்கம் திரும்பி, மான்குர்த்தில் தனியாக நின்ற அந்தச் சிவப்பு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

பிறகு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதைவிடப் பெரிதாக. அப்புறம் ஆஸ்பத்திரியே அதிரும்படி.

டாக்டர் வெளியே வந்தார். வேர்த்திருந்தது. "பொம்பளப் புள்ள. கால முன்னால நீட்டிக்கிட்டு வந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

பேச்சியம்மாள் கையை உருவிக்கொண்டார். "காலு எந்தத் திசையில நீட்டிச்சு டாக்டரம்மா? மான்குர்த்துப் பக்கமா?"

"எம் மூஞ்சிக்கு நேரா" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளில் தாயையும் பிள்ளையையும் வேனிலேயே வீட்டில் விடுவது எங்கள் வழக்கம். அந்த நாள் நெருங்க நெருங்கச் சண்டை முற்றியது. பிள்ளை பெற்றவள் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் முறை என்று பேச்சியம்மாள் கட்டிலின் ஒரு பக்கம். பிரசவத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் நான், பேத்தி என் வீட்டுக்குத்தான் என்று வேலம்மாள் மறுபக்கம். டாக்டரிடம் போய் எங்கே விடுவது என்று கேட்டேன். "பிரசவம் பாக்கதுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் காலையில் மூன்று பேரும் ஏறினார்கள். நடுவில் மடியில் பிள்ளையோடு சொர்ணம், இரண்டு பக்கமும் இரண்டு அம்மாக்கள். எங்கே போகணும் என்று கேட்டேன். மான்குர்த் என்றும் வடாலா என்றும் இரண்டு காதிலும் விழுந்தது. வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் சொர்ணத்தைப் பார்த்தேன்.

அவள் அதுவரை என்னிடம் பேசியதே இல்லை. "அண்ணாச்சி, சும்மா எங்கயாது ஓட்டுங்க. வண்டி ஆடினா புள்ள தூங்குது" என்றாள்.

சும்மா எங்காவது என்பது எனக்குத் தெரியாத இடம். போகும் ஊர் தெரியாமல் என் வாழ்க்கையில் கிளட்சை மிதித்ததில்லை. ஃபைவ் கார்டன் பூங்காப் பக்கம் மரநிழலாக இருக்கும், அதைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் சுற்றில் இரண்டு பேரும் விடாமல் சண்டை போட்டார்கள். அடுத்ததில் வார்த்தைக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. பத்து நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் கிடந்தவர்கள்தானே, காற்றுப் பட்டதும் பேச்சியம்மாள் இந்த ஜன்னலிலும் வேலம்மாள் அந்த ஜன்னலிலும் சாய்ந்துவிட்டார்கள்.

சொர்ணம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப செம்பூருக்கு விடுங்க அண்ணாச்சி."

"செம்பூர்ல யாரு இருக்கா?"

"அவுக ஒரு ரூம் பிடிச்சிருக்காவ. ரெண்டு பேர்ட்டயும் இன்னும் சொல்லல."

தலையை மட்டும் ஆட்டுவான் என்று நினைத்த முருகேசன்! அந்த வீட்டை நான் பார்த்ததில்லை, வேன் போகுமா தெரியாது, தண்ணீர் நிற்குமா தெரியாது. சொன்னேன். "நீங்க ஓட்டுங்க, நான் வழி சொல்லுதேன்" என்றாள். சயான் தாண்டி, செம்பூர் ஸ்டேஷன் தாண்டி, இங்கே திரும்புங்கள், அந்தக் கரும்புச்சாறு கடைக்கு அப்பால் நிறுத்துங்கள் என்று பிள்ளை முழித்துவிடாத குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறைகள் வரிசையாக இருந்தன. கடைசி அறை வாசலில் கையில் விளக்குமாறோடு முருகேசன் நின்றான்.

வண்டி நின்றதும் இரண்டு பேரும் ஒன்றாக முழித்தார்கள். ஒருவர் மான்குர்த்தைத் தேடினார், ஒருவர் வடாலாவைத் தேடினார்.

"ஏட்டி, இது யாரு வீடு?" என்றார் பேச்சியம்மாள்.

சொர்ணம் பிள்ளையை நன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். "என் வீடு" என்றாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஆளுக்கொரு வேல கெடக்கு."

இரண்டு அம்மாக்களும் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், அந்த அறையை நான்தான் செங்கல் வைத்துக் கட்டினேன் என்பதுபோல. நான் மேப்பை எடுத்து முகத்துக்கு நேராக விரித்து, ரொம்பத் தீவிரமாக வழி பார்க்க ஆரம்பித்தேன்.